இரண்டு பேராசிரியர்களும் ஒரு விவசாயியும்

அரசியல் அறிவியல் துறைகளில் ஒவ்வொரு பேராசிரியரின் பெயருக்கும் கீழே இரண்டு வரிகள் இருக்கும். கற்பிக்கும் பாடங்கள் ஒரு வரி, ஆய்வு ஆர்வங்கள் இன்னொரு வரி. 'விவசாயிகள் அரசியல், தென்கிழக்கு ஆசியா, புரட்சிகள்' என்று நாலு சொல்லை கமா போட்டு அடுக்கியிருப்பார்கள். பார்க்க மளிகைக்கடை சீட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு ஆள் தன் வாழ்நாள் முழுக்க எதை உற்றுப் பார்க்கப்போகிறார், எதைக் கண்டுக்காமல் தாண்டிப் போகப்போகிறார் என்பது அந்தச் சீட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் 1970களில் நடந்த ஒரு சண்டை. வியட்நாம் விவசாயி ஏன் கலகம் செய்தான் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இரண்டு புத்தகம் எழுதினார்கள். 1976இல் ஜேம்ஸ் சி. ஸ்காட்டின் 'தி மாரல் எகானமி ஆஃப் தி பெசன்ட்'. 1979இல் சாமுவேல் பாப்கினின் 'தி ரேஷனல் பெசன்ட்'. அடுத்தடுத்துப் படித்தால், இருவரும் ஒரே நாட்டுக்காரனைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஸ்காட் 2024 ஜூலையில் தன் 87ஆவது வயதில் இறந்தார். அதற்குப் பிறகு தமிழிலும் அவர் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. 'எளியவர்களின் ஆயுதங்கள்' என்ற தொடர் மீம் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாவலில் வேலைக்காரி முதலாளியம்மாவின் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டால்கூட நம் விமர்சகர்கள் 'அன்றாட எதிர்ப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்த மண்ணில் விளைந்தது, நம் மண்ணில் எந்த அளவுக்குச் செல்லும் என்பதைக் கேட்டுப் பார்க்கிற நேரம் இது.

1

ஸ்காட்டின் 1976 புத்தகம் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். விவசாயி கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன். சின்ன அலை வந்தாலும் மூழ்கிவிடுவான். (இந்த உருவகம் சீன விவசாயிகளைப் பற்றி எழுதிய ஆர். எச். டானியுடையது. ஸ்காட் அதை எடுத்துக்கொண்டார்.) அப்படிப்பட்டவன் லாபத்தைப் பெருக்குவது எப்படி என்று யோசிக்க மாட்டான், இந்த வருஷம் சாகாமல் தாண்டுவது எப்படி என்றுதான் யோசிப்பான். அதிக மகசூல் தருகிற, ஆனால் நம்ப முடியாத விதையைவிட, கொஞ்சமாக விளைந்தாலும் கைவிடாத விதையே அவனுக்கு மேல்.

குத்தகை விஷயத்திலும் இதே கணக்கு. நிலக்காரன் எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்பதைவிட, எடுத்தது போக எவ்வளவு மிச்சம் என்பதுதான் விவசாயியின் கேள்வி. நல்ல வருஷத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பவன், பஞ்ச வருஷத்தில் கால்வாசி கேட்டாலே கொதித்துப் போவான். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று நிர்ணயித்த குத்தகையும், தலைக்கு இவ்வளவு என்று பிடுங்கிய காலனி வரியும் அதனால்தான் அவ்வளவு வெறுக்கப்பட்டன. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தபோது, பர்மாவில் சாயா சான் கலகமும் வியட்நாமில் ங்கே-டின் கிளர்ச்சியும் வெடித்ததை ஸ்காட் இப்படித்தான் விளக்குகிறார். ஏழையைப் பட்டினியில் விடக்கூடாது என்ற எழுதப்படாத ஒப்பந்தத்தை மேலே இருந்தவர்கள் முறித்தார்கள். கலகம் அதற்கான பதில்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். கீழ் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார்கள். பதின்மூன்று பிரதான நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். நிலம் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் கிளம்பிப் போகவில்லை. விலை விழுந்தது, கடன் திரும்பி வரவில்லை, அடமானம் மூழ்கியது, நிலம் வந்து சேர்ந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு? நம் இலக்கியத்தில் கடல் கடந்த வட்டிக்கடை உலகம் உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மெடானையும் பினாங்கையும் அப்படியே கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அந்த உலகத்தை நாம் பெரும்பாலும் கடைக்குள் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறோம். கடையின் வாசலில் நிற்கிற கடனாளியின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க ஒரு அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியரின் புத்தகம் தேவைப்படுகிறது.

2

பாப்கின் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய வியட்நாம் கிராமத்தில் பரிவும் பகிர்வும் அவ்வளவாக இல்லை. பொதுநிலத்தைப் பங்கு போடும்போது பெரிய மனிதர்கள் நல்ல துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். வரிச்சுமையை எளியவன் தலையில் தள்ளுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஏமாற்றுவான் என்று ஒவ்வொருவனும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். கிராமம் என்கிற அந்தப் பழைய காப்பீட்டு நிறுவனம் பேராசிரியர்களின் ஏக்கத்தில்தான் இருந்தது என்கிற மாதிரி எழுதுகிறார் அவர்.

அப்படியென்றால் கலகம் எப்படி நடந்தது? பாப்கினின் உண்மையான கேள்வி இதுதான், கூர்மையான கேள்வியும்கூட. கலகம் ஜெயித்தால் பலன் எல்லோருக்கும் கிடைக்கும், தோற்றால் அடி கலந்துகொண்டவனுக்கு மட்டும் விழும். அப்படி இருக்கும்போது புத்தியுள்ளவன் வீட்டில்தானே படுத்திருக்க வேண்டும்? கத்தோலிக்கத் திருச்சபை, காவ் தாய், ஹோவா ஹாவ், கம்யூனிஸ்டுகள் என்று வியட்நாமில் ஆள் திரட்டிய நான்கு அமைப்புகளை எடுத்துக்கொண்டு பாப்கின் பதில் சொல்கிறார். அவர்கள் முதலில் புரட்சியை விற்கவில்லை. சின்னச் சின்னதாக, உடனே கைக்குக் கிடைக்கிற உதவிகளைக் கொடுத்தார்கள். வழக்குக்கு ஒத்தாசை, கடனுக்கு ஒரு வழி, ஏமாற்றாத ஒரு தலைவன். நம்பிக்கை வளர்ந்த பிறகுதான் பெரிய காரியம்.

இந்த விவசாயி யாரைப் போல இருக்கிறான்? பாப்கின் அடுத்து எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். 1991இல் வந்த 'தி ரீசனிங் வோட்டர்'. அமெரிக்க வாக்காளன் குறைந்த தகவலை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்குப் போட்டு ஓட்டுப் போடுகிறான் என்பது அதன் பொருள். மீகாங் வயலில் இருந்தவனையும் அமெரிக்க ஓட்டுச்சாவடியில் நின்றவனையும் ஒரே மூளையால் யோசிக்க வைக்கிறார். இதில் ஒரு சமத்துவம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 'ஆசிய விவசாயி நம்மைப் போல யோசிக்க மாட்டான், அவன் மரபில் ஊறியவன்' என்ற பழைய மேட்டிமைத்தனத்தை பாப்கின் ஒரே அடியில் தள்ளிவிடுகிறார். ஆனால் அந்த சமத்துவத்துக்கு ஒரு விலை இருக்கிறது. விவசாயி தன் வாயால் என்ன சொன்னான் என்று கேட்க வேண்டிய அவசியமே பாப்கினுக்கு இல்லாமல் போகிறது. கணக்குத் தெரிந்த பிறகு பேச்சு எதற்கு?

ஸ்காட்டின் 1976 புத்தகத்திலும் இதே ஓட்டை இருந்தது. அதுவும் பெரும்பாலும் காலனிய ஆவணங்களிலிருந்து எழுதியதுதான். வியட்நாம் போருக்கு எதிராக மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்த விஸ்கான்சின்-மேடிசன் வளாகத்தில் பாடம் நடத்திய ஆசிரியரின் புத்தகம் அது. அவருடைய விவசாயி நியாயத்துக்காக எழுந்தான். பாப்கினுடையவன் ஆதாயத்துக்காக எழுந்தான். ஸ்காட் அவனை நேரில் பார்த்து 'ஏம்ப்பா எழுந்தே?' என்று கேட்டதாக அந்தப் பக்கங்களில் தெரியவில்லை.

3

அடுத்து ஸ்காட் செய்ததுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. நாற்பது வயது தாண்டிய, யேல் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்ட ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியர், மானுடவியலாளர்கள் செய்கிற வேலையைச் செய்யக் கிளம்பினார். 1978க்கும் 1980க்கும் நடுவில் மலேசியாவின் கெடா மாநிலத்தில், மூடா சமவெளியில், சுமார் 70 குடும்பங்கள் உள்ள ஒரு நெல் கிராமத்தில் போய்க் குடியிருந்தார். கிராமத்துக்கு அவர் வைத்த புனைபெயர் செடாகா. 1985இல் வந்த 'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' அதன் விளைவு.

அங்கே கலகம் எதுவும் இல்லை. உலக வங்கிக் கடனில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து, 1970களின் தொடக்கத்தில் இருபோகம் ஆனது. ஆரம்பத்தில் ஏழைகளுக்கும் நல்ல காலம்தான். நடவு இரண்டு, அறுப்பு இரண்டு, கூலியும் இரண்டு. பிறகு அறுவடை மெஷின் வந்தது. சில வருஷங்களுக்குள் சமவெளியின் பெரும்பகுதி நெல்லை மெஷின்தான் அறுத்தது. போனது அறுப்புக் கூலி மட்டும் என்றால் கணக்கு எளிது. கதிர் பொறுக்குகிற வேலை போனது. அறுப்பு முடிந்ததும் கூலியாட்களுக்கு நிலக்காரர் ஜக்காத்தாகக் கொடுத்துவந்த நெல் போனது. ஆள் வேண்டும் என்று அறுப்புக் காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து நயமாகப் பேசுவார்களே, அந்த மரியாதையும் போனது. பணக்காரனுக்கு ஏழை தேவைப்படாமல் போன நாட்கள் அவை. ஸ்காட் பார்த்தது அதைத்தான்.

புத்தகத்தின் தொடக்கமே இரண்டு பாத்திரங்கள். ஒருவன் ரசாக். வீடு இடிந்து விழப்போகிற நிலை. கை நீட்டுவதில் கூச்சம் விட்டுப்போனவன், திருடன் என்றும் பெயர். அவனுடைய சின்ன மகளின் சாவிலிருந்துதான் நாம் ஊருக்குள் நுழைகிறோம். இன்னொருவர் ஹாஜி ப்ரூம். கடன் கொடுத்துக் கொடுத்தே சுற்றுவட்டார நிலத்தைத் துடைப்பம் போட்ட மாதிரி கூட்டி அள்ளியவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். ஊரில் பணக்காரர்கள் ஏழைகளைப் பற்றிப் பேசும்போது எல்லா ஏழையும் ரசாக். ஏழைகள் பணக்காரர்களைப் பற்றிப் பேசும்போது எல்லா ஹாஜியும் ப்ரூம். இரண்டு கதைகளும் சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்லப்படுவதில்லை. 'ரசாக் மாதிரி ஆளுக்கு எதுக்குக் கொடுக்கணும்?' என்று முடிகிற கதை, கொடுக்காமல் இருப்பதற்கான உரிமத்தைத் தருகிறது. 'ஹாஜி ப்ரூம் மாதிரி ஆயிடாதே' என்று முடிகிற கதை, கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயத்தைத் தருகிறது.

இதுதான் ஸ்காட் பாப்கினுக்குச் சொல்கிற பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் பணத்துக்குப் பக்கத்திலேயே பெயருக்கும் ஒரு பத்தி இருக்கிறது. விருந்துக்கு யார் வருகிறார்கள், சாவுக்கு யார் வருகிறார்கள், முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதும் வரவு செலவுதான். ஒரே கொடுப்பைப் பணக்காரன் 'உதவி' என்கிறான், ஏழை 'எனக்கு வர வேண்டியது' என்கிறான். கிராமத்தின் வர்க்கப் போராட்டம் இந்தச் சொல்லை யார் வைத்துக்கொள்வது என்பதில் நடக்கிறது. நாவல் வாசிப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு பாத்திரம் என்ன செய்தது என்பதோடு, அதற்கு என்ன பெயர் வைத்தது என்பதையும் பார்க்கத்தானே நாம் நாவல் படிக்கிறோம். அரசியல் அறிவியலுக்கு இது புதிது.

அந்தத் துறை இதை எளிதாக விழுங்கவும் இல்லை. ஸ்காட்டின் பிந்தைய காலத்தில் அமெரிக்க அரசியல் அறிவியல் மேலும் மேலும் கணிதத்தின் பக்கம் சாய்ந்தது. 2000 அக்டோபரில் 'மிஸ்டர் பெரெஸ்ட்ரோய்கா' என்று கையெழுத்திட்ட ஒரு அநாமதேய மின்னஞ்சல், துறையின் முதன்மை ஆய்விதழைச் சூத்திரங்கள் மட்டுமே ஆள்கின்றன என்று குற்றம்சாட்டி ஒரு கலகத்தைத் தொடங்கி வைத்தது. ஸ்காட் அதன் ஆதரவாளர். சிகாகோவின் சூசன் ருடால்ஃபும் அந்தப் பக்கம்தான். இவரும் கணவர் லாயிட் ருடால்ஃபும் 1960இலேயே, வன்னியர் சங்கத்தை எடுத்துக்காட்டாக வைத்து, சாதிச் சங்கங்கள் எப்படித் தேர்தல் அரசியலுக்குள் நுழைகின்றன என்று எழுதியவர்கள். ஊருக்குப் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் ஒரு பக்கம், எண்ணிக்கையோடு நின்றவர்கள் இன்னொரு பக்கம். இந்தப் பிளவில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கேட்டவர்களும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்களா என்பது தனிக் கேள்வி.

4

'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' புத்தகத்தின் பலவீனம் அதன் பட்டியலில் இருக்கிறது. மெதுவாக வேலை செய்வது, தெரியாத மாதிரி நடிப்பது, தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடுவது, கொஞ்சம் நெல்லைக் கிளப்பிக்கொண்டு போவது, புறம் பேசுவது, இருட்டில் மெஷினின் டேங்கில் மண்ணைப் போடுவது. எல்லாம் ஒரே கூடையில். மெஷினுக்குள் மண் போட்டவனும், பசிக்காக ஒரு மரக்கால் நெல் எடுத்தவனும், வெறும் சோம்பலால் சுணங்கியவனும் ஒரே போராளியா? ஸ்காட் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை, ஒரு அத்தியாயமே விவாதிக்கிறார். பிழைப்பையும் எதிர்ப்பையும் பிரிக்க முடியாது, பிரிக்கத் தேவையும் இல்லை என்பது அவர் முடிவு. ரசாக்கைப் பார்த்தால் அந்த முடிவு ஆட்டம் காண்கிறது. ரசாக்கை ஏழைகளும் மதிப்பதில்லை. அவன் எடுத்தது பணக்காரனிடமிருந்து மட்டுமல்ல. அவனை எதிர்ப்பாளனாக்க ஸ்காட்டாலேயே முடியவில்லை. அதனால்தான் அவன் புத்தகத்தில் அவ்வளவு உயிரோடு இருக்கிறான்.

இன்னொரு விஷயம் பெண்கள். செடாகாவில் கூட்டாக ஏதாவது நடந்தது என்றால் அது நடவுப் பெண்கள் செய்ததுதான். மெஷின் வைத்து அறுத்தவர் வயலில் நடவுக்குப் போகாமல் இழுத்தடித்துப் பார்த்தார்கள். நேரடியாக மாட்டோம் என்று சொல்லவில்லை, வேறு வேலை இருக்கிறது, இப்போது முடியாது என்று நாள் கடத்தினார்கள். வெளியாட்களைக் கொண்டுவந்துவிடுவோம் என்ற பேச்சு வந்ததும் அது கலைந்தது. ஸ்காட் இதை விவரமாகவே எழுதுகிறார். ஆனாலும் புத்தகத்தின் நினைவில் நிற்கிற குரல்கள் ஆண்களுடையவை. ஆயுதம் எடுத்தவர்கள் ஒரு பக்கம், ஆயுதத்தைப் பற்றிப் பேசியவர்கள் இன்னொரு பக்கம்.

திமோதி மிட்செல் 1990இல் வைத்த விமர்சனம் இன்னும் ஆழமானது. ஸ்காட்டின் ஏழைக்கு உடம்புதான் அடங்கியிருக்கிறது, மனம் முழுசாக விடுதலையாக இருக்கிறது. அதிகாரம் அவன் கையைக் கட்டுகிறதே தவிர, அவன் யோசிக்கிற விதத்தைத் தொடுவதில்லை. அப்படி ஒரு பிரிவு உண்மையில் இருக்க முடியுமா என்று மிட்செல் கேட்கிறார். இந்தக் கேள்வியைச் சாதி உள்ள ஊருக்குக் கொண்டுவந்தால் அது இன்னும் கூர்மையாகிறது.

5

1985இல் இன்னொரு புத்தகமும் வந்தது. மார்ஷல் பூட்டன் என்ற அரசியல் அறிவியலாளர் எழுதிய 'அக்ரேரியன் ராடிகலிசம் இன் சவுத் இந்தியா'. அவருடைய களம் தஞ்சாவூர். அதற்கு முன்பே, 1971இல், ஃபிரான்சின் ஃபிராங்கெல் பசுமைப் புரட்சியின் அரசியல் விலையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் எடுத்துக்கொண்ட ஐந்து மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. மூடாவும் காவிரி டெல்டாவும் நெல் சமவெளிகள். இரண்டிலும் கால்வாய் வந்தது, புது விதை வந்தது, பிறகு மெஷின் வந்தது. பூட்டன் கேட்ட கேள்வி: டெல்டாவின் கிழக்குப் பகுதி மட்டும் ஏன் இவ்வளவு சிவந்தது? மண், நீர், நிலவுடைமை, நிலமற்ற கூலிகளின் எண்ணிக்கை, அவர்களின் சாதி என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறார். ஸ்காட்டின் புத்தகத்தில் இருக்கிற வதந்தியும் பட்டப்பெயரும் இவரிடம் கிடையாது. ஆனால் ஸ்காட்டுக்குக் கிடைக்காத ஒன்று இவருடைய ஊரில் இருந்தது. கொடி.

கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் முதுகுக்குப் பின்னால் பேசியதால் நிற்கவில்லை. 1940களில் பி. சீனிவாச ராவும் கம்யூனிஸ்ட் கட்சியும் விவசாயிகள் சங்கமும் வந்த பிறகுதான் நின்றன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டத்தின் பின்னால்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்கள் கேட்டது கூடுதலாகக் கொஞ்சம் கூலி நெல். செய்ய மறுத்தது, செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் பக்கம் போவது. வெளியூர் ஆட்களை வயலில் இறக்கியதும் அந்தச் சண்டையில் ஒரு முக்கிய விஷயம். செடாகாப் பெண்களைக் கலைத்த அதே மிரட்டல்.

வெண்மணியை ஸ்காட்டுக்கு ஆதரவாகவும் படிக்கலாம். வெளிப்படையாகக் கேட்டால் எரிப்பார்கள், அதனால்தான் எளியவன் மறைவாகச் செய்கிறான் என்று. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு படி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். செடாகாவில் புறம் பேசுவது ஏன் ஆயுதமாக இருந்தது? அங்கே பணக்காரனும் ஏழையும் மலாய்க்காரர்கள், முஸ்லிம்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுகிறார்கள், ஒரே விருந்தில் உட்காருகிறார்கள். ஏழை விருந்துக்கு வராவிட்டால் பணக்காரனுக்கு அது அவமானம். ஏழை வைக்கிற பட்டப்பெயர் பணக்காரனின் காதில் விழும், விழுந்தால் வலிக்கும். பந்தி ஒன்றாக இருப்பதால்தான் பந்தியைப் புறக்கணிப்பது தண்டனையாகிறது.

கீழத்தஞ்சையில் அந்தப் பந்தியே இல்லை. சேரியில் மிராசுதாரைப் பற்றி என்ன பேசினாலும் அது தெருவைத் தாண்டி அவருடைய மானத்தைத் தொடாது. அவருக்கு வேண்டிய நற்பெயர் வேறு இடத்தில் தயாரானது. சொந்தச் சாதியில், கோயில் திருவிழாவில், கட்சி அலுவலகத்தில், கச்சேரியில். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது நீதிமன்றத்துக்குச் சிரமமாக இருந்தது. கவனியுங்கள், இங்கேயும் நற்பெயர்தான் வேலை செய்கிறது. ஸ்காட்டின் ஊரில் எளியவன் கையிலிருந்த ஆயுதம் இங்கே வலியவனின் கேடயமாகிவிட்டது.

1990இல் எழுதிய 'டாமினேஷன் அண்ட் தி ஆர்ட்ஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' நூலில் ஸ்காட் அடிமை முறை, பண்ணையடிமை முறை ஆகியவற்றோடு சாதியையும் சேர்த்துப் பேசுகிறார். மூன்றிலும் எஜமானுக்கு முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு உண்டு என்கிறார். அது உண்மைதான். ஆனால் பின்னால் பேசுகிற பேச்சு இருப்பது வேறு, அந்தப் பேச்சு எஜமானைக் கட்டுப்படுத்துவது வேறு. செடாகாவில் இரண்டும் சேர்ந்திருந்தன. சாதி இருக்கிற ஊரில் முதலாவது நிறைய இருக்கும், இரண்டாவது கிட்டத்தட்ட இருக்காது. சங்கமும் கொடியும் அங்கே அதனால்தான் தேவைப்பட்டன. ஸ்காட் தன் கிராமத்திலிருந்து உலகத்துக்குத் தாவியபோது இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிட்டார். நாம் அவரை எடுத்துக்கொள்ளும்போது அதே இடத்தில் குதித்தால், நமக்கு மன்னிப்புக் கிடையாது.

6

வெண்மணிக்கு இலக்கியம் சொன்ன காரணங்களையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம். இந்திரா பார்த்தசாரதியும் ஒரு பேராசிரியர்தான், டெல்லியில் தமிழ் கற்பித்தவர். 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'குருதிப்புனல்' நாவலில் நிலக்காரர் கண்ணையா நாயுடுவின் வன்முறைக்கு அவருடைய ஆண்மையின்மையை ஒரு முக்கியக் காரணமாக்கினார். அதற்காக அன்றிலிருந்து இன்றுவரை திட்டு வாங்குகிறார். திட்டு நியாயமானது. ஆனால் திட்டுகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. பாப்கின் ஆதாயத்தைக் கொண்டுபோனார், ஸ்காட் நியாயத்தைக் கொண்டுபோனார், இ.பா. ஃபிராய்டைக் கொண்டுபோனார். மூவருமே ஊருக்குள் போவதற்கு முன்பே கையில் ஒரு சாவி வைத்திருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஸ்காட் தன் சாவியை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே குடியிருந்தார். பூட்டு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். ரசாக் என்ற பாத்திரம் அதற்குச் சாட்சி.

எனவே ஸ்காட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 'அன்றாட எதிர்ப்பு' என்ற முத்திரை இல்லை. அதைக் குத்திக் குத்தித் தேய்த்துவிட்டோம். ஒரு நாவலில் யாராவது அடங்கிப் போகாத மாதிரி ஏதாவது செய்தால் உடனே அந்த முத்திரையை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தச் செயல் யார் காதுக்குப் போகிறது? போனால் அவனுக்கு வலிக்குமா? இருவரும் ஒரு பந்தியில் உட்காருகிறவர்களா? வலிக்காத இடத்தில் நடக்கிற முணுமுணுப்பை எதிர்ப்பு என்று கொண்டாடினால், கொடி பிடித்து எரிந்தவர்களின் செலவை நாம் குறைத்துக் காட்டுகிறோம் என்று அர்த்தம்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்காட்டில் 'வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்' முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம், கோட்பாடு பேசுகிற பக்கங்களுக்குப் பிறகு வரலாம். அதோடு பாப்கினையும் கட்டாயம் படிக்க வேண்டும். நமக்குப் பிடித்த பேராசிரியரின் எதிராளியைப் படிக்காமல் விடுவதுதான் இணையத்தில் நம்முடைய பெரிய சோம்பல்.

கடைசியாக ஒன்று. டெல்டாவிலும் மெஷின் வந்துவிட்டது. கையால் அறுத்து, களத்தில் அடித்து, கூலியை நெல்லாக அளந்து வாங்கிய பெண்கள் இப்போது கிழவிகள். முதல் மெஷின் வயலில் இறங்கிய நாளில் வரப்பில் நின்று அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், நிலக்காரருக்கு என்ன பெயர் வைத்தார்கள், கதிர் பொறுக்கக்கூட இல்லாமல் போனதை எந்தச் சொல்லால் சொன்னார்கள்? செடாகாவின் 70 குடும்பங்களுக்கு ஒரு ஸ்காட் கிடைத்தார். இந்தப் பேச்சை எழுதி வைப்பதற்கு அமெரிக்காவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.